இருட்டு எப்படிப் படமாகிறது? ‘கைதி’யை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

‘கைதி’ வந்து இத்தனை வருஷமாகியும், அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். “லைட்டே வைக்காம எடுத்திருக்காங்க, அதான் அவ்ளோ ரியலா இருக்கு.” “ராத்திரியில எடுத்தா லைட் செலவு மிச்சம்.” “இப்ப வர்ற கேமரா இருட்டுலயே பளிச்சுனு எடுக்கும்.” முதல் இரண்டும் முழுத் தப்பு. மூன்றாவது கால்வாசி சரி. மிச்ச முக்கால்வாசியில்தான் ஒளிப்பதிவாளரின் பிழைப்பே இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 2019 அக்டோபர் 25, தீபாவளி வெளியீடு. அதே நாளில் ‘பிகில்’ வந்தது. இயக்கம் லோகேஷ் கனகராஜ், ஒளிப்பதிவு சத்யன் சூர்யன், படத்தொகுப்பு பிலோமின் ராஜ், சண்டைப் பயிற்சி அன்பறிவ். பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு மகளைப் பார்க்கக் கிளம்பும் டில்லி (கார்த்தி), விஷம் கலந்த மதுவைக் குடித்து மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டியதாகிறது. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது. கிட்டத்தட்ட மொத்தக் கதையும் ஒரே ராத்திரியில் நடந்து முடிகிறது.

சூரியன் இல்லாமல் இரண்டரை மணி நேரம் படம் காட்ட வேண்டும். அதிலும் சண்டைப் படம். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அதே சமயம் இருட்டாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இடிக்கும் இந்த இரண்டு தேவைகளையும் எப்படிச் சேர்த்துவைக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண் பார்ப்பது வேறு, கேமரா பார்ப்பது வேறு

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகால் சொல்வார்கள். ஒரு பரப்பின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதற்கான அளவு அது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் சுமார் 1 லட்சம் லக்ஸ் விழும். பௌர்ணமி நிலா தலைக்கு மேல் இருக்கும்போது அதே மாடியில் கால் லக்ஸ் விழுந்தால் அதிகம். அதாவது வெயில் நிலவைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசம்.

ஆனாலும் பௌர்ணமியில் வயல் வரப்பில் விளக்கில்லாமல் நடந்துவிடுகிறோம். காரணம், கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உண்டு. கூம்பு செல்கள் பகலுக்கு, நிறம் காட்டும். குச்சி செல்கள் இருட்டுக்கு. நிறம் காட்டாது, மங்கலான ஒளியையும் விடாமல் பிடிக்கும். கரண்ட் போனதும் ஒன்றுமே தெரியாமல் தடுமாறி, கொஞ்ச நேரத்தில் கட்டிலும் பீரோவும் நிழலாகத் தெரிய ஆரம்பிக்கிறதே, அது குச்சி செல்கள் பொறுப்பேற்றுக்கொள்ளும் நேரம். முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம்கூட ஆகும். அதோடு, கண் அனுப்பும் அரைகுறைப் படத்தை மூளை தன் பங்குக்கு நிரப்பிக்கொள்கிறது. இந்தச் சுவர் இங்கேதானே இருந்தது என்ற ஞாபகமும் நமக்குப் ‘பார்வை’யாகவே வந்து சேர்கிறது.

கேமராவுக்கு ஞாபகம் கிடையாது. லென்ஸ் வழியாக வந்ததை மட்டும் பதிவு செய்யும், அதையும் மிகக் குறைந்த நேரத்தில் செய்ய வேண்டும்.

“என் போன்ல நைட் மோடு போட்டா பகல் மாதிரி வருதே?” என்று உடனே கேட்பார்கள். வருகிறதுதான். ஆனால் ‘ஆடாமல் பிடியுங்கள்’ என்று போன் சொல்கிறதல்லவா? அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அது பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக ஆக்கித் தருகிறது. கோபுரம் ஆடாமல் நிற்கும், அதனால் சரிப்பட்டு வரும். குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் புகை மாதிரிக் கலங்கித் தெரியும். சினிமாவுக்கு விநாடிக்கு 24 படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது வழக்கமாக 48-இல் ஒரு பங்கு விநாடி. அடுக்கிச் சேர்க்க அங்கே நேரமே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இருட்டில் கண் நேரம் எடுத்துக்கொண்டு பழகுகிறது, போன் நேரம் எடுத்துக்கொண்டு சேர்க்கிறது. சினிமா கேமராவுக்கு அந்த நேரம் இல்லை.

கேமராவில் கை வைக்கக்கூடிய மூன்று இடங்கள்

வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கேமராவில் மூன்று விஷயங்களை மாற்றலாம். மூன்றுக்கும் விலை உண்டு. சண்டைக் காட்சியில் அந்த விலை அதிகம்.

முதலாவது அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. அதன் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள். எண் சிறிதாக ஆகத் துளை பெரிதாகும், ஒளி அதிகம் வரும். எஃப் 2.8-இல் வருவதைப் போல நான்கு மடங்கு ஒளி எஃப் 1.4-இல் வரும். இதில் ஆகக் கடைசி எல்லைக்குப் போனவர் ஸ்டான்லி குப்ரிக். 1975-இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் காட்சிகளுக்காக, நாசாவுக்கென்று ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்துகொடுத்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்துக் கேமராவில் பொருத்தினார். அந்தக் காட்சிகளில் நடிகர்கள் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் இருக்கிறது.

துளை பெரிதாக ஆக, ஃபோகஸில் இருக்கும் பகுதி சுருங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண சினிமா கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், நடிகர் 2 மீட்டர் தூரத்தில். எஃப் 4 வைத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 30 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் ஃபோகஸில் இருக்கும். எஃப் 1.4 வைத்தால் சுமார் 11 செ.மீ. தான். மூக்கு நுனியிலிருந்து காது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த நடிகர் பேசிக்கொண்டு நிற்கவில்லை. கையை ஓங்கிக்கொண்டு பாய்கிறார். ஒரே குத்தில் 11 செ.மீ.யைத் தாண்டிவிடுவார். ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் இருப்பார். லென்ஸின் வளையத்தைத் திருப்பி நடிகரைத் தெளிவாகவே வைத்திருப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. இரவுச் சண்டையில் அவர் படும் பாட்டை யாரும் மேக்கிங் வீடியோவில் காட்டுவதில்லை.

இரண்டாவது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம். இதைக் கூட்டினால் அசைவு இழுபடும், கை வீச்சு ஒரு கறையாகத் தெரியும். அதனால் சண்டையில் இதைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்லோமோஷன். விநாடிக்கு 24-க்குப் பதில் 96 படங்கள் எடுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் கால்வாசி ஆகிறது, ஒளியும் கால்வாசி. பகலில் இது பிரச்சினையே இல்லை, வெயில் கொட்டிக்கிடக்கிறது. ராத்திரியில் ஹீரோ ஒருவனைத் தூக்கி எறிவதை ஸ்லோமோஷனில் காட்ட வேண்டுமென்றால், அந்த ஒரு ஷாட்டுக்காக நான்கு மடங்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டும், அல்லது மற்ற இரண்டு இடங்களில் ஈடுகட்ட வேண்டும்.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் கேமராவுக்குள் அதிக ஒளி வராது. வந்த ஒளியால் உண்டான மின் சைகையைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். அரைப் படிப் பாலில் தண்ணீர் ஊற்றி ஆறு பேருக்குக் காபி போடுவது மாதிரி. டம்ளர் நிறையும், பால் கூடாது. நீர்த்துப்போனது எங்கே தெரியுமென்றால் நிழல் பகுதிகளில்: புள்ளி புள்ளியாக, எறும்பு ஊர்வது போல ஓர் அலைச்சல். அதை நாய்ஸ் என்பார்கள். முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. பின்னால் இருக்கும் கறுப்பில் தெரியும். இரவுப் படத்தில் கறுப்புதானே அதிகம்!

“இப்ப வர்ற கேமரா” பேச்சில் கால்வாசி உண்மை இருக்கிறது என்றேனே, அது இந்த இடத்தில்தான். பிலிம் காலத்தில் கையில் கிடைத்த சுருளின் வேகம்தான் எல்லை. வேகம் என்றால் அது ஒளியைப் பிடிக்கும் திறன், அதையும் ஐ.எஸ்.ஓ. போன்ற எண்ணால்தான் சொல்வார்கள். கோடாக் இன்று விற்கும் திரைப்படச் சுருள்களிலேயே அதிகபட்சம் 500. டிஜிட்டல் கேமராக்கள் அதைத் தாண்டிவிட்டன. 2500-ஐ இயல்பான நிலையாகவே வைத்து எடுக்கக்கூடியவை இருக்கின்றன. 2004-இல் மைக்கேல் மான் ‘கொலாட்டரல்’ படத்தின் பெரும்பகுதியை டிஜிட்டலில் எடுத்ததற்கே காரணம், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் இரவு வானம் பிலிமில் வெறும் கறுப்பாக விழுந்ததும், டிஜிட்டலில் அந்த மங்கிய ஒளிர்வோடு தெரிந்ததும்தான். ஆனால் அதே படத்தில் டாக்சிக்குள் இருக்கும் முகங்களுக்கு மெல்லிய ஒளிப் பலகைகளை ஒட்டவைத்துத்தான் எடுத்தார்கள். வானத்தை கேமரா பார்த்துக்கொண்டது. முகத்துக்கு லைட் வைக்க வேண்டியிருந்தது.

ஆக, துளையைத் திறந்தால் ஃபோகஸ் போகும், நேரத்தைக் கூட்டினால் அசைவு கலங்கும், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் நாய்ஸ் வரும். நான்காவது வழி ஒன்றே ஒன்று: லைட் வைப்பது.

இருட்டு தெரிய வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும்

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் பார்ப்பவர் அதை இரவு என்று நினைக்க மாட்டார், புரொஜெக்டர் போய்விட்டது என்று நினைப்பார். திரையில் ஏதோ ஒரு மூலையில் வெளிச்சம் இருந்தால்தான் மிச்சம் இருட்டாகத் தெரியும். ஓர் ஓரத்தில் டீக்கடை பல்பு, அதைத் தாண்டிக் கறுப்பு. பார்த்த உடனே இரவு. ஒளிப்பதிவாளர்கள் இதை கான்ட்ராஸ்ட் என்பார்கள்: படத்தின் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள இடைவெளி. பகல் காட்சியில் வெளிச்சம் எங்கும் பரவிக் கிடக்கும். இரவுக் காட்சியில் வெளிச்சம் அங்கங்கே இருக்கும். அளவைவிட, இப்படித் துண்டு துண்டாக விழுவதுதான் நமக்கு ராத்திரியைச் சொல்கிறது.

அதற்கான முதல் ஆயுதம் பேக் லைட், அதாவது நடிகரின் பின்னாலிருந்து, கேமராவை நோக்கி அடிக்கும் ஒளி. நெடுஞ்சாலையில் எதிரே வண்டி வரும்போது இடையில் ஒருவர் நடந்துவந்தால், முகம் தெரியாது. தலைமுடியும் தோளும் மட்டும் ஒரு கோடாக ஒளிரும். ஆள் இருக்கிறான், அடிக்க வருகிறான், கையில் கட்டை இருக்கிறது எல்லாமே அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். முகம் இருட்டிலேயே இருக்கலாம். சண்டைக் காட்சிக்கு இது வரப்பிரசாதம். பத்துப் பேர் ஒருவனைச் சூழும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று உருவங்களை வைத்தே கண் பிரித்துக்கொள்ளும்.

இரண்டாவது ஆயுதம் தண்ணீர். இரவுக் காட்சிகளில் மழையே பெய்யாத ஊரிலும் ரோடு ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். காய்ந்த தார் ரோடு ஒளியை விழுங்கிவிடும். திரையில் பாதி வெறும் கறுப்புப் பள்ளம். டேங்கர் லாரியை வைத்து நனைத்துவிட்டால் பின்னால் இருக்கும் ஒவ்வொரு விளக்கும் ரோட்டில் நீளமாகக் கோடு போடும். லைட் ஒன்று, படத்தில் தெரிவது இரண்டு. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் தந்திரம் சினிமாவில் வேறு இல்லை என்பேன். அதனாலேயே அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டுச் சலிப்பும் தட்டிவிட்டது. ஒரு தெரு ஈரம், பக்கத்துத் தெரு காய்ந்துகிடக்கிறது என்றால் எனக்குக் கதை மறந்து டேங்கர் லாரிதான் கண் முன் வருகிறது.

மூன்றாவது புகை. முன்பெல்லாம் சாம்பிராணி, இப்போது பெரும்பாலும் மெஷின். காற்றில் மெல்லிய புகை இருந்தால் பேக் லைட் அதில் பட்டுப் பரவும். தூரத்தில் இருப்பவை லேசாக வெளிறும். அதனால் முன்னால் நிற்பவன், நடுவில் நிற்பவன், பின்னால் நிற்பவன் மூவரும் மூன்று அடுக்காகப் பிரிந்து தெரிவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம்: கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். முகம் முழுக்க நிழலில் இருந்தாலும் கருவிழியில் ஒரு புள்ளி மினுங்கினால், அந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரிவதாகப் படுகிறது. அது இல்லையென்றால் கண் இருக்கும் இடம் வெறும் குழி. தாடியும் விபூதியுமாக இருக்கும் டில்லி போன்ற ஒரு முகத்தை இருட்டில் வைத்துக்கொண்டு அழவும் வைக்க வேண்டுமென்றால், அந்தப் பொட்டு இல்லாமல் ஆகாது.

நிலாவை எங்கே மாட்டுவது?

பெரிய வெட்டவெளியில் சண்டை. தெருவிளக்கு கிடையாது. பார்ப்பவர்களுக்கு இது நிலா வெளிச்சம் என்று தோன்ற வேண்டும். ஒரு நல்ல லைட்டை எடுத்து நடிகருக்கு ஐந்து மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்தால் போதாதா?

போதாது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பள்ளிப் பாடம்தான், தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்று. ஐந்து மீட்டரில் லைட் இருக்கும்போது நடிகர் இன்னும் ஐந்து மீட்டர் தள்ளி ஓடினால் அவர்மேல் விழுவது கால்வாசியாகிவிடும். நிலா அப்படிச் செய்யாது. ஊரைச் சுற்றி ஓடினாலும் அதே வெளிச்சம்தான். அதனால் லைட்டை 40 மீட்டர் தள்ளி, உயரத்தில், கிரேன்மேல் ஏற்றுகிறார்கள். இப்போது நடிகர் ஐந்து மீட்டர் பின்னால் ஓடினாலும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் 40 மீட்டரிலிருந்து போதுமான ஒளி வர வேண்டுமென்றால் லைட் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். எச்.எம்.ஐ. என்று ஒரு வகை உண்டு, பகல் ஒளியின் நிறத்தில் எரியும் வாயு விளக்கு. அதில் பெரியது 18,000 வாட். ஒன்றரை டன் ஏ.சி. பத்துக்குமேல் ஒன்றாக ஓடுவதற்குச் சமமான மின்சாரம் இந்த ஒரு விளக்குக்கு. அதற்கு ஜெனரேட்டர் வண்டி, அதன் சத்தம் வசனத்தில் விழாத தூரத்தில் நிறுத்த இடம், அங்கிருந்து கேபிள், அதை இழுத்துப் போட லைட்மேன்கள். “லைட் செலவு மிச்சம்” என்பவர்கள் ஒரு நாள் இந்த கேபிளைச் சுருட்டிப் பார்க்கலாம்.

அடுத்த கேள்வி: நிலா ஏன் நீலம்? உண்மையில் நிலவொளி நீலமே இல்லை. அது சூரிய ஒளியின் பிரதிபலிப்பு. கருவி வைத்து அளந்தால் வெயிலைவிட ஒரு பொட்டு மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால் மங்கிய ஒளியில் குச்சி செல்கள் வேலை செய்யும்போது சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் ஒப்பீட்டளவில் தூக்கலாகத் தெரியும். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. சினிமாவின் நீல இரவுக்கு அறிவியல் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பழக்கம். லேசாகக் குளிர்ந்த வெள்ளையே போதும் என்பது என் கட்சி. ஒரு காலத்தில் நம் படங்களில் ராத்திரி என்றாலே ஊரையே சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது மாதிரி இருக்கும்.

லாரி முகப்பு விளக்கு என்ன செய்கிறது?

இப்போது ‘கைதி’க்கே வரலாம். அந்தப் படத்தின் இருட்டு நம்பும்படி இருப்பதற்கு முக்கியக் காரணம், வெளிச்சத்துக்கு விலாசம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது, அல்லது தெரிந்த மாதிரி இருக்கிறது. லாரியின் முகப்பு விளக்கு, துரத்தி வரும் வண்டிகளின் விளக்கு, கமிஷனர் அலுவலகத்தின் குழல் விளக்கு, துப்பாக்கி சுடும்போது தெறிக்கும் ஒளி. காட்சிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் இப்படிப்பட்ட விளக்குகளுக்கு பிராக்டிகல் லைட் என்று பெயர்.

ஆனால் திரையில் தெரியும் விளக்குதான் முகத்துக்கும் ஒளி தருகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முகப்பு விளக்குக்கு நேர் எதிரே நிற்பவர் வெளுத்துப்போவார், ஓரடி விலகி நிற்பவர் காணாமல் போவார். அதனால் முகப்பு விளக்கு எரிகிற திசையிலேயே, சட்டகத்துக்கு வெளியே, அதே நிறத்தில், இன்னும் மென்மையான இன்னொரு லைட் இருக்கும். தெரிகிற விளக்கு சாக்கு. தெரியாத விளக்குதான் வேலையாள். இந்த ஏற்பாட்டில் திசையும் நிறமும் ஒத்துப்போனால் பார்ப்பவர் கேள்வியே கேட்க மாட்டார். அப்படிக் கேள்வி எழாத நேரத்தில்தான் “லைட்டே வைக்காம எடுத்திருக்காங்க” என்ற பாராட்டு வருகிறது.

ஓடும் லாரியின் கேபினுக்குள் இரண்டு பேர் பேசும் காட்சியை இந்தத் தொழிலில் பொதுவாக எப்படி எடுப்பார்கள் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். பல சமயம் லாரி ஓடவே ஓடாது. நிறுத்திவைத்த வண்டியின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து இரண்டு பேர் மெல்ல ஆட்டுவார்கள். டாஷ்போர்டுக்கு அடியில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், விரல் அகல எல்.இ.டி. பட்டை, மீட்டர் வெளிச்சம் முகத்தில் படுவது போலத் தோன்ற அதன்மேல் மஞ்சள் நிறத் தாள். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் கையில் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னிருந்து பின்னாக நடப்பார். எதிரே ஒரு வண்டி கடந்துபோனதாகிவிடும். இன்னொருவர் லைட்டுக்கு முன்னால் வேப்பங்கொப்பை வீசிக்கொண்டிருப்பார், மரங்கள் கடந்துபோகும். இந்த நால்வரின் தாளம் ஒத்துப்போக வேண்டும். லாரி குலுங்கும் வேகமும் மரம் ஓடும் வேகமும் வேறாக இருந்தால் என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பார்ப்பவருக்குத் தட்டும். ஜன்னலுக்கு வெளியே முழு இருட்டு என்பதால்தான் இந்த வித்தை செல்லுபடியாகிறது. பகலில் முதல் விநாடியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

தெருவிளக்கை நம்பி எடுப்பதும் உண்டு. ‘கைதி’க்கு முன்னோடி என்று சொல்லத்தக்க மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013, ஒளிப்பதிவு பாலாஜி வி. ரங்கா) பெரும்பகுதி ராத்திரியிலேயே நடக்கும் படம்; அதுவும் பாடல் இல்லாதது. நம் ஊர்த் தெருக்களில் அன்று எரிந்தவை பெரும்பாலும் சோடியம் விளக்குகள். எல்லாவற்றையும் மஞ்சளில் குளிப்பாட்டும். அதன் கீழே நீலச் சட்டையையும் கறுப்புச் சட்டையையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். இப்போது தெருக்கள் எல்.இ.டி.க்கு மாறி வெள்ளையாகிவிட்டன. பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஊரின் ராத்திரி நிறமே மாறியிருப்பது தெரியும்.

இதில் ஒரு தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவது. அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 48-இல் ஒரு பங்கு விநாடியில் எடுக்கும் கேமரா அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகாததால் படத்தில் வெளிச்சம் துடிப்பதாகத் தெரியும். அதனால் இங்கே ஷட்டரை 50-இல் ஒரு பங்குக்கு மாற்றிவிடுவார்கள், துடிப்பு அடங்கிவிடும். ஸ்லோமோஷன் எடுக்கும்போது அதே தொல்லை வேறு வடிவில் திரும்ப வரும். அப்போது பின்னால் எரியும் ட்யூப் லைட்டையே அணைத்துவிட்டு வேறு விளக்கு வைப்பதும் உண்டு.

பகலில் எடுத்து இரவாக்கலாமே?

செய்கிறார்கள். டே ஃபார் நைட் என்று பெயர். சினிமா அளவுக்குப் பழைய தந்திரம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் லென்ஸ்முன் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் நீல வானம் கறுத்துவிடும். கலரில் படத்தை இருட்டாக்கி நீலம் ஏற்றினார்கள். அருமையாகச் செய்தால் எடுபடும். 2015-இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ படத்தின் இரவுக் காட்சிகள் நமீபியப் பாலைவனத்தில் பட்டப்பகலில் எடுக்கப்பட்டவை. அதிலும் சுவாரசியம், எடுக்கும்போது வேண்டுமென்றே அளவுக்கு மீறி வெளிச்சமாக எடுத்து, பிறகு கணினியில் இறக்கினார்கள். அப்படிச் செய்தால் நிழலில் நாய்ஸ் இருக்காது.

ஆனால் பாலைவனத்தில் விளக்குகள் இல்லை. ஊருக்குள் கதை நடந்தால் இது உதவாது. பட்டப்பகலில் லாரியின் முகப்பு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். எரிகிறதா என்று கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். வெயிலோடு அந்த விளக்கு போட்டி போட முடியாது, ரோட்டில் ஒளி விழாது. லாரி விளக்கை நம்பி நிற்கும் கதைக்கு நிஜ ராத்திரிதான் வழி.

ஒரே ராத்திரிக்குப் பல ராத்திரிகள்

கதையில் ஒரு ராத்திரி; எடுக்க வாரக்கணக்கில் ராத்திரிகள். இதனால் வரும் சிக்கல்கள் விளக்கு சம்பந்தப்பட்டவை மட்டும் அல்ல. முதல் நாள் எடுத்த பாதிச் சண்டையில் ‘நிலா’ இடப்பக்கம் என்றால் அடுத்த வாரம் எடுக்கும் மறுபாதியிலும் அங்கேயே இருக்க வேண்டும். நிஜ நிலா இதற்குள் தேய்ந்தோ வளர்ந்தோ இருக்கும்; அதைச் சட்டகத்துக்குள் வரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஷாட்டில் ரோடு ஈரமென்றால் அந்தக் காட்சி முடியும்வரை டேங்கர் லாரி கூடவே வர வேண்டும். விடிகாலை நாலரைக்குமேல் கிழக்கே வானம் லேசாக வெளுக்க ஆரம்பித்ததும் கேமராவை மேற்கே திருப்பிக்கொண்டு இன்னும் இரண்டு ஷாட் எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பார்கள்.

மழை பெய்த மறுநாள் ஈசல். அந்த வட்டாரத்திலேயே பெரிய வெளிச்சம் ஷூட்டிங் லைட்தான், மொத்தக் கூட்டமும் அங்கேதான் வரும். பேக் லைட்டில் ஒவ்வொரு ஈசலும் தனித்தனியாக ஜொலிக்கும். வசனத்தின் நடுவில் நடிகரின் வாய்க்குள் போகும். கொஞ்சநேரம் லைட்டை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு மூலையில் வேறு விளக்கைப் போட்டு அவற்றை அங்கே இழுத்துப் பார்ப்பார்கள். சில நாள் ஒன்றும் நடக்காது, காத்திருக்க வேண்டியதுதான்.

எடுத்தது வேறு, வீட்டில் தெரிவது வேறு

படம் எடுத்து முடித்ததும் டி.ஐ. என்றொரு கட்டம். படத்தின் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கணினியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் வேலை. இரவுக் காட்சிகளைக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு இங்கே இறக்குவது பலருக்கும் வழக்கம். நாய்ஸ் கறுப்புக்குள் அமுங்கிவிடும். எவ்வளவு இறக்கலாம் என்பதில்தான் இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் வாக்குவாதம் வரும்.

இந்த வேலை நடப்பது ஒளி புகாத அறையில், அளந்து வைத்த திரையில். டிஜிட்டல் புரொஜெக்ஷனுக்குச் சர்வதேச அளவுகோல் 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது திரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவு. தியேட்டரில் புரொஜெக்டர் பல்பு பழசாகி அதில் பாதிதான் வருகிறதென்றால், பகல் காட்சி கொஞ்சம் மங்கும். இரவுக் காட்சியோ காணாமலே போகும். “படம் ஒரே இருட்டு” என்று வெளியே வந்து திட்டுபவர்களில் பலர் திட்ட வேண்டியது பல்பை.

வீட்டில் கதை வேறு. 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்க ஒரே கூச்சல். அதை எடுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட ராத்திரிகள் ஆகியிருந்தன. ஓ.டி.டி.யில் படம் வரும்போது டேட்டா குறைய வேண்டும் என்பதற்காகச் சுருக்கி அனுப்புகிறார்கள். அப்படிச் சுருக்கும் மென்பொருள் முதலில் கை வைப்பது இருண்ட பகுதிகளில்தான், அங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அதனால்தான் கறுப்பு வானம் கட்டம் கட்டமாக, படிக்கட்டு மாதிரித் தெரிகிறது.

‘கைதி’யை மறுபடி பார்ப்பதாக இருந்தால் டிவியில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இருண்ட காட்சி வரும்போதெல்லாம் திரையை இன்னும் மங்கலாக்குவது பெரும்பாலும் அதுதான். படத்தின் அமைப்பை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். பிரைட்னஸை ஏற்றிப் பயனில்லை, கறுப்பு சாம்பல் நிறமாகத்தான் ஆகும். டிவிக்கு நேர் எதிரே ட்யூப் லைட் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். முதல் சில நிமிடம் கண் திணறும். குச்சி செல்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.